பாரந்தூக்கிச் சைகைகளும் சுமை கட்டும் முறைகளும்

பாரந்தூக்கிச் சைகைகளும் சுமை கட்டும் முறைகளும் என்பன, கட்டுமானத் தளங்களில் பாரந்தூக்கியைக் கொண்டு ஒரு சுமையைத் தூக்கி, நகர்த்தி, இறக்கும்போது பின்பற்றப்படும் பாதுகாப்பு நடைமுறைகள் ஆகும். சுமையைப் பாரந்தூக்கியின் கொக்கியோடு பிணைக்கும் வேலை ரிக்கிங் எனப்படுகிறது. சுமையை எத்திசையில், எவ்வளவு தூரம், எவ்வளவு வேகத்தில் நகர்த்த வேண்டும் என்பதைப் பாரந்தூக்கி இயக்குநருக்குத் தெரிவிக்கும் வேலை சைகை காட்டுதல் ஆகும்.

உயரமான கட்டிடங்களில் பாரந்தூக்கி இயக்குநர் தரையிலிருந்து பல பத்து மீட்டர் உயரத்தில் உள்ள அறையில் அமர்ந்திருப்பார். சுமை கட்டப்படும் இடமும், அது இறக்கப்படும் இடமும் அவர் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது வழக்கம். இந்நிலையில் அவர் முழுமையாகச் சைகையாளரை நம்பியே இயந்திரத்தை இயக்குகிறார். சுமைக்கு மிக அருகில் நிற்போரும் சுமையைக் கட்டுபவரும் சைகை காட்டுபவருமே. ஆதலால், இந்நடைமுறைகளில் ஏற்படும் தவறுகளால் முதலில் பாதிக்கப்படக் கூடியவர்கள் பெரும்பாலும் இவ்வேலையைச் செய்பவர்களே ஆவர்.

பணிப் பிரிவுகள்

ஒரு தூக்கும் பணியில் பொதுவாக நான்கு பொறுப்புகள் உள்ளன. சிறிய தளங்களில் ஒருவரே இரண்டு பொறுப்புகளை ஏற்பதும் உண்டு.

* பாரந்தூக்கி இயக்குநர்: இயந்திரத்தை இயக்குபவர். சைகை தெளிவாக இல்லாவிட்டால் இயக்கத்தை நிறுத்த வேண்டியது இவரது கடமை.
* ரிக்கர்: சுமையின் எடையை அறிந்து, பொருத்தமான கருவிகளைத் தெரிந்து, அவற்றைப் பரிசோதித்துச் சுமையைக் கட்டுபவர். இந்தியாவில் இவ்வேலை செய்வோர் கலாசி என்றும் அழைக்கப்படுகின்றனர்.
* சைகையாளர்: இயக்குநருக்குச் சைகை காட்டுபவர். தளங்களில் சிக்னல்மேன் என்று அழைக்கப்படுகிறார். பிரித்தானியாவில் பேங்க்ஸ்மேன் என்னும் பெயரும் வழங்குகிறது.
* தூக்கும் பணி மேற்பார்வையாளர்: பணித் திட்டத்தைச் சரிபார்த்து, மற்ற மூவரையும் ஒருங்கிணைப்பவர்.

ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே சைகை காட்ட வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் விதியாகும். இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. ஆபத்தைக் காணும் எவரும் 'நிறுத்து' என்னும் சைகையைக் காட்டலாம். அதை யார் காட்டினாலும் இயக்குநர் உடனே கீழ்ப்படிய வேண்டும்.

வரலாறு

கயிறு, கப்பி ஆகியவற்றால் ஆன பாரந்தூக்கிகள் கி. மு. 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரேக்கக் கட்டிடப் பணிகளில் பயன்பட்டன என்று கருதப்படுகிறது. அக்காலக் கோயில்களின் கற்களில், இடுக்கி பற்றுவதற்காகவும் இரும்புக் கொளுவிகள் செருகுவதற்காகவும் வெட்டப்பட்ட குழிகள் காணப்படுகின்றன. கி. மு. 1ஆம் நூற்றாண்டில் உரோமக் கட்டிடக் கலைஞரான விட்ருவியஸ், தமது நூலின் பத்தாம் பகுதியில் பல கப்பிகளைக் கொண்ட தூக்கும் பொறிகளை விளக்கியுள்ளார்.

1834ஆம் ஆண்டில் செருமனியின் ஹார்ட்ஸ் மலைப் பகுதிச் சுரங்கங்களில் வில்கெல்ம் ஆல்பெர்ட் என்பவர் இரும்புக் கம்பிகளை முறுக்கிச் செய்த வடத்தை அறிமுகப்படுத்தினார். சங்கிலியில் ஒரு வளையம் உடைந்தால் சுமை முழுவதும் விழுந்துவிடும். கம்பிவடத்திலோ கம்பிகள் ஒவ்வொன்றாக அறுவதைக் கண்ணால் காண இயலும். எச்சரிக்கை தரும் இப்பண்பு, கம்பிவடம் தூக்கும் பணிகளில் பரவலாக இடம்பெற ஒரு காரணமாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய மீள்கட்டுமானக் காலத்தில், 1949இல், செருமனியில் ஹான்ஸ் லீப்ஹெர் எளிதில் கொண்டு சென்று நிறுவத்தக்க கோபுரப் பாரந்தூக்கியை உருவாக்கினார். இவ்வகைப் பாரந்தூக்கிகள் பரவியபோது இயக்குநருக்கும் சுமைக்கும் இடையிலான தூரம் கூடியது. சைகையாளரின் முக்கியத்துவமும் அதனுடன் கூடியது.

இயந்திரப் பாரந்தூக்கி இன்றி, மரக்கட்டை, கயிறு, கப்பி ஆகியவற்றைக் கொண்டு பெருஞ்சுமைகளை நகர்த்தும் மரபு கேரளத்தின் பேப்பூர்ப் பகுதியைச் சேர்ந்த மாப்பிளா கலாசிகளிடம் காணப்படுகிறது. மரக்கலங்களைக் கடலில் இறக்குவது இவர்களது தொழில். 1988ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள் பெருமண் பாலத்திலிருந்து அஷ்டமுடி ஏரியில் விழுந்த தொடருந்துப் பெட்டிகளை மீட்கும் பணியில் இவர்கள் பங்குகொண்டனர்.

சுமையின் எடை

சுமையைக் கட்டும் முன்னர் முதலில் அறிய வேண்டியது அதன் எடை ஆகும். எடை பொருளின் மீதோ, அதனுடன் வரும் ஆவணத்திலோ குறிக்கப்பட்டிருக்கலாம். இல்லாவிட்டால், கன அளவைப் பொருளின் அடர்த்தியால் பெருக்கிக் கணக்கிடப்படுகிறது. உருக்கு ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 7.85 டன் எடையுள்ளது. வலுவூட்டிய கொங்கிறீற்று ஏறத்தாழ 2.5 டன்னும், நீர் 1 டன்னும் எடையுள்ளவை.

எடுத்துக்காட்டாக, 4 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 15 சென்ரிமீட்டர் தடிப்புள்ள முன்வார்ப்புக் கொங்கிறீற்றுப் பலகையின் கன அளவு 1.2 கன மீட்டர் ஆகும். எனவே அதன் எடை ஏறத்தாழ 3 டன். இத்துடன் கொக்கிக் கட்டை, சிலிங், தூக்குச் சட்டம் ஆகியவற்றின் எடையையும் சேர்த்தே பாரந்தூக்கியின் மொத்தச் சுமை கணக்கிடப்பட வேண்டும். அச்சில் ஒட்டிக்கொண்டிருக்கும் பலகையையோ, மண்ணில் புதைந்திருக்கும் குழாயையோ பாரந்தூக்கியால் பிடுங்க முயலக் கூடாது. ஒட்டுவிசையையும் மண்ணின் பிடிப்பையும் எடைக் கணக்கு காட்டாது.

எடைக்கு அடுத்தது ஈர்ப்பு மையம். தூக்கும்போது சுமையின் ஈர்ப்பு மையம் கொக்கிக்கு நேர் கீழே வந்து நிற்கும். கொக்கி முன்பே அதற்கு நேர் மேலே இல்லாவிட்டால், சுமை தரையை விட்டு எழும் நொடியில் சாய்ந்தோ ஊசலாடியோ அந்த நிலையை அடையும். அருகில் நிற்பவர் நசுங்கும் விபத்துகள் பல இந்நொடியிலேயே நிகழ்கின்றன.

தூக்கும் கருவிகள்

சுமையைச் சுற்றியோ, சுமையில் உள்ள பிடிகளில் மாட்டியோ கொக்கியுடன் இணைக்கப்படும் வடம், சங்கிலி, பட்டை ஆகியவை பொதுவாக சிலிங் எனப்படுகின்றன. இவற்றின் முக்கிய வகைகள் வருமாறு:

* கம்பிவட சிலிங்: உறுதியானது, பொதுப் பயன்பாட்டிற்கு ஏற்றது. கூர்மையான வளைவில் வைத்தால் மடிந்து நிலையாகக் கெட்டுவிடும்.
* சங்கிலி சிலிங்: வெப்பத்தையும் கரடுமுரடான பரப்புகளையும் தாங்கும். தூக்கும் பணிக்கெனச் செய்யப்பட்ட கலப்புருக்குச் சங்கிலிகளே பயன்படுத்தப்பட வேண்டும்.
* செயற்கை இழைப் பட்டை: பொலியெஸ்டர், நைலான் முதலியவற்றால் ஆனது. தளங்களில் பெல்ட் எனப்படுவது இதுவே. எடை குறைந்தது, சுமையின் பரப்பைக் கீறாது. ஆனால் கூரிய விளிம்பு, வெப்பம், வேதிப்பொருள், சூரிய ஒளி ஆகியவற்றால் எளிதில் பாதிக்கப்படும்.

ஐரோப்பியத் தரநிலைப்படி செய்யப்படும் இழைப் பட்டைகளின் தாங்குதிறன் நிறத்தால் குறிக்கப்படுகிறது. ஊதா 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன், சாம்பல் 4 டன், சிவப்பு 5 டன், பழுப்பு 6 டன், நீலம் 8 டன், செம்மஞ்சள் 10 டன்னும் அதற்கு மேலும். எனினும் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. பட்டையில் தைக்கப்பட்டுள்ள சீட்டைப் படித்தே தாங்குதிறன் உறுதி செய்யப்பட வேண்டும். சீட்டு இல்லாத பட்டை பயன்பாட்டுக்கு உரியதன்று.

சிலிங்கைச் சுமையுடன் இணைக்கும் குதிரைலாட வடிவ வளையம் சாக்கிள் எனப்படுகிறது. இதன் ஊசிக்குப் பதிலாகக் கையில் கிடைத்த போல்ட்டைச் செருகுவது ஆபத்தான வழக்கமாகும். சாக்கிளைப் பக்கவாட்டில் இழுத்தாலும் அதன் வலிமை குறையும். கண்போல்ட் எனப்படும் வளையத் திருகாணி நேர்க்குத்து இழுவையில் முழு வலிமையுடன் இருக்கும். சாய்வாக இழுக்கும்போது அதன் தாங்குதிறன் வெகுவாகக் குறைந்துவிடும்.

தூக்கும் கருவி ஒவ்வொன்றிலும் பாதுகாப்பான வேலைச் சுமை குறிக்கப்பட்டிருக்கும். இது கருவி அறுந்துபோகும் சுமையைப் பாதுகாப்புக் காரணியால் வகுத்துப் பெறப்படுவது. ஐரோப்பியத் தரநிலைகளில் இக்காரணி பொதுவாகச் சங்கிலிக்கு 4, கம்பிவடத்துக்கு 5, இழைப் பட்டைக்கு 7 ஆகும். இந்த இடைவெளி, தேய்மானம், அதிர்வு, கண்ணுக்குத் தெரியாத குறைகள் ஆகியவற்றுக்காக விடப்பட்டது. கூடுதல் சுமை ஏற்றுவதற்கான இருப்பாக இதனைக் கருதக் கூடாது.

கட்டும் முறைகள்

ஒரே சிலிங்கை மூன்று அடிப்படை முறைகளில் பயன்படுத்தலாம்.

நேர்த்தொங்கல் முறையில் சிலிங்கின் ஒரு முனை கொக்கியிலும் மறுமுனை சுமையிலும் இருக்கும். இதில் சிலிங்கின் முழுத் தாங்குதிறன் கிடைக்கும். ஆனால் சுமை சுழலக் கூடும். சுருக்கு முறையில் சிலிங் சுமையைச் சுற்றித் தன் கண்ணுக்குள்ளேயே நுழைந்து இறுக்கும். இம்முறையில் தாங்குதிறன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. தொட்டில் முறையில் சிலிங் சுமைக்கு அடியில் சென்று, இரு முனைகளும் கொக்கிக்குத் திரும்பும். இரு பக்கங்களும் செங்குத்தாக இருந்தால் தாங்குதிறன் இரு மடங்காகும். ஆனால் சுமை வழுக்கி வெளியேறும் ஆபத்து இம்முறையில் உண்டு.

கட்டுமானக் கம்பிக் கட்டுகளைத் தூக்கும்போது, அவற்றைச் சேர்த்துக் கட்டியுள்ள கட்டுக்கம்பியில் கொக்கியை மாட்டுவது தளங்களில் காணப்படும் தவறான வழக்கமாகும். அக்கம்பி கட்டைச் சேர்த்து வைப்பதற்கே உரியது. எடையைத் தாங்குவதற்கு அன்று. கம்பிக் கட்டுகளை இரண்டு இடங்களில், சிலிங்கை இருமுறை சுற்றிச் சுருக்கு முறையில் கட்டித் தூக்குவதே முறையாகும். செங்கல், இணைப்பிகள் போன்ற சிறு பொருட்களைக் கூண்டு அல்லது பெட்டியில் இட்டே தூக்க வேண்டும். வாயு உருளைகளும் அவற்றுக்குரிய கூண்டில் வைத்தே தூக்கப்பட வேண்டும்.

கூரிய விளிம்புள்ள சுமைகளில் சிலிங்குக்கும் விளிம்புக்கும் இடையே மெத்தைத் துண்டோ, விளிம்புக் காப்போ வைக்கப்பட வேண்டும். உருக்கு விட்டத்தின் விளிம்பு, இழுவிசையில் உள்ள இழைப் பட்டையைக் கத்தி போல் அறுத்துவிடும்.

சிலிங் கோணம்

இரண்டு கால்களைக் கொண்ட சிலிங்கால் ஒரு சுமையைத் தூக்கும்போது, ஒவ்வொரு காலும் சுமையில் பாதியை மட்டுமே தாங்குகிறது என்று எண்ணுவது பரவலான பிழையாகும். கால்கள் செங்குத்தாக இருந்தால் மட்டுமே அது உண்மை. கால்கள் சாயச் சாய ஒவ்வொன்றிலும் உள்ள இழுவிசை கூடும். கால்கள் கிடைமட்டத்துடன் உண்டாக்கும் கோணத்தின் சைன் மதிப்பால் சுமையின் பாதியை வகுத்தால் இவ்விழுவிசை கிடைக்கும். மேற்கூறிய 3 டன் பலகைக்கு ஒரு காலில் ஏற்படும் இழுவிசை வருமாறு:

* 90 பாகை: 1.50 டன்
* 60 பாகை: 1.73 டன்
* 45 பாகை: 2.12 டன்
* 30 பாகை: 3.00 டன்
* 15 பாகை: 5.80 டன்

30 பாகையில் ஒவ்வொரு காலும் சுமையின் முழு எடைக்குச் சமமான இழுவிசையைத் தாங்குகிறது. அதற்கும் கீழே இழுவிசை மிக விரைவாகக் கூடுவதால், 30 பாகைக்குக் குறைந்த கோணத்தில் தூக்குவது பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. 60 பாகையும் அதற்கு மேலும் விரும்பத்தக்கவை. இரு கால்களின் நீளமும், அவை சுமையில் மாட்டப்படும் இரு புள்ளிகளுக்கு இடையேயான தூரமும் சமமாக இருந்தால், கோணம் 60 பாகையாக அமையும். கருவி எதுவுமின்றித் தளத்திலேயே கோணத்தை மதிப்பிட ரிக்கர்கள் இவ்வுண்மையைப் பயன்படுத்துகின்றனர்.

கோணத்தை அளக்கும் முறை எல்லா நாடுகளிலும் ஒன்றன்று. அமெரிக்க அட்டவணைகள் பொதுவாகக் கிடைமட்டத்திலிருந்து அளந்த கோணத்தைத் தருகின்றன. ஐரோப்பிய அட்டவணைகள் செங்குத்திலிருந்து அளந்த கோணத்தைத் தருகின்றன. ஒன்றில் 60 பாகை என்பது மற்றதில் 30 பாகை ஆகும். எனவே அட்டவணையைப் படிக்கும் முன் கோணம் எங்கிருந்து அளக்கப்பட்டது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

நான்கு கால் சிலிங்கிலும் சுமை நான்காகப் பிரிவதில்லை. வளையாத சுமையில், கால்களின் நீளத்தில் உள்ள சிறு வேறுபாட்டால் இரண்டு கால்களே பெரும் பகுதியைத் தாங்க நேரிடும். ஆகவே இரண்டு கால்களே சுமையைத் தாங்குவதாகக் கொண்டு கணக்கிடுவது பாதுகாப்பானது.

பரிசோதனை

தூக்கும் கருவிகள் ஒவ்வொரு முறை பயன்படுத்தும் முன்பும் ரிக்கரால் பார்வையிடப்பட வேண்டும். கீழ்க்காணும் குறைகள் உள்ள கருவிகள் நீக்கப்பட வேண்டும்:

* கம்பிவடத்தில் அறுந்த கம்பிகள், மடிப்பு, நசுங்கல், துரு, கூடு போல் விரிந்த இழைகள். அமெரிக்கத் தரநிலைப்படி, இழைகளை முறுக்கிச் செய்த வழக்கமான சிலிங்கில் ஒரு முறுக்கு நீளத்தில் பரவலாக 10 கம்பிகளோ, ஒரே இழையில் 5 கம்பிகளோ அறுந்திருந்தால் அது நீக்கப்பட வேண்டும்.
* சங்கிலியில் நீண்ட, வளைந்த, தேய்ந்த அல்லது வெடிப்புள்ள வளையங்கள்.
* இழைப் பட்டையில் வெட்டு, தையல் பிரிவு, உருகிய தடம், முடிச்சு, படிக்க இயலாத சீட்டு.
* கொக்கியில் அகன்ற வாய், முறுக்கம், வெடிப்பு, வேலை செய்யாத பாதுகாப்புத் தாழ்.

நீக்கப்பட்ட கருவியைத் தளத்தின் ஒரு மூலையில் போட்டு வைப்பது போதாது. வேறொருவர் எடுத்துப் பயன்படுத்த இயலாதவாறு அது வெட்டி அழிக்கப்பட வேண்டும்.

கைச்சைகைகள்

சைகையாளர் இயக்குநருக்குத் தெளிவாகத் தெரியும் இடத்தில், சுமையின் பாதைக்கு வெளியே நிற்க வேண்டும். பின்புலத்திலிருந்து வேறுபட்டுத் தெரியும் ஒளிர்நிற மேற்சட்டையை அவர் அணிய வேண்டும். திசை தொடர்பான சைகைகள் யாவும் இயக்குநரின் பார்வையிலிருந்தே கொள்ளப்படுகின்றன. அமெரிக்காவில் நிலையானவையாகக் கொள்ளப்பட்டு, வேறு பல நாடுகளிலும் பயன்படும் சில கைச்சைகைகள் வருமாறு:

* தூக்கு: மேற்கை பக்கவாட்டில் நீண்டிருக்க, முன்கையும் சுட்டுவிரலும் மேல்நோக்கி நின்று சிறு வட்டம் இடும்.
* இறக்கு: கையும் சுட்டுவிரலும் கீழ்நோக்கி நின்று சிறு வட்டம் இடும்.
* பூமை உயர்த்து: கை பக்கவாட்டில் கிடைமட்டமாக நீண்டிருக்க, விரல்கள் மூடிப் பெருவிரல் மேலே காட்டும். பூம் என்பது பாரந்தூக்கியின் நீண்ட கை ஆகும்.
* பூமைத் தாழ்த்து: மேற்கண்டவாறே, பெருவிரல் கீழே காட்டும்.
* திருப்பு: கை கிடைமட்டமாக நீண்டு, திரும்ப வேண்டிய திசையைச் சுட்டுவிரல் காட்டும்.
* மெதுவாக: செயலைக் குறிக்கும் கைக்கு முன்னால் மறு கையை அசையாமல் வைத்தல்.
* நிறுத்து: ஒரு கை பக்கவாட்டில் நீண்டு, உள்ளங்கை கீழ்நோக்கி இருக்க, முன்னும் பின்னும் வீசப்படும்.
* அவசர நிறுத்தம்: இரு கைகளும் மேற்கண்டவாறே வீசப்படும்.
* அனைத்தையும் நிறுத்தி வை: இரு கைகளும் இடுப்பளவில் கோக்கப்படும்.

இச்சைகைகள் உலகம் முழுவதற்கும் பொதுவானவை அல்ல. 1992ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றியப் பணியிடக் குறியீட்டு விதிகளில், வலக்கையை உயர்த்தி உள்ளங்கையை முன்னோக்கிக் காட்டுவது 'நிறுத்து' ஆகும். இரு கைகளையும் அவ்வாறு உயர்த்துவது அவசர நிறுத்தத்தைக் குறிக்கிறது. இரு கைகளையும் பக்கவாட்டில் கிடைமட்டமாக நீட்டி உள்ளங்கைகளை முன்னோக்கிக் காட்டுவதோ 'தொடங்கு, கவனி' என்று பொருள்படும். அமெரிக்க முறையில் இரு கைகளையும் கிடைமட்டமாக நீட்டி வீசுவது அவசர நிறுத்தம். தோற்றத்தில் நெருங்கிய இவ்விரு சைகைகளுள் ஒன்று வேலையைத் தொடங்கச் சொல்கிறது. மற்றது உடனே நிறுத்தச் சொல்கிறது. ஆதலால், வெவ்வேறு நாடுகளில் வேலை செய்து பழகியவர்கள் ஒரே தளத்தில் கூடும்போது, வேலை தொடங்கும் முன்னரே எந்தச் சைகைமுறை பின்பற்றப்படும் என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். பாரந்தூக்கிக் கைச்சைகைகளுக்கான பன்னாட்டுத் தரநிலை ஐ. எசு. ஓ. 16715 என்னும் எண்ணுடன் 2014இல் வெளியிடப்பட்டது.

குரல்வழிச் சைகைகள்

சைகையாளரை இயக்குநர் காண இயலாத இடங்களில் வாக்கி-டாக்கி பயன்படுத்தப்படுகிறது. பாரந்தூக்கி ஒவ்வொன்றுக்கும் தனி அலைவரிசை ஒதுக்கப்பட வேண்டும். அருகிலுள்ள பாரந்தூக்கிக்கான கட்டளை தவறான இயக்குநர் காதில் விழுந்தால் விபத்து நேரலாம். ஒவ்வொரு கட்டளையிலும் மூன்று கூறுகள் வரிசையாக இடம்பெற வேண்டும்: செயலும் திசையும், தூரம் அல்லது வேகம், இறுதியில் செயலை நிறுத்தும் சொல். எடுத்துக்காட்டாக, "இறக்கு, ஐந்து மீட்டர், மூன்று மீட்டர், ஒரு மீட்டர், இறக்குவதை நிறுத்து" என்பது முழுமையான கட்டளை ஆகும்.

இயக்கம் நடைபெறும் நேரம் முழுவதும் குரல் தொடர்ந்து வந்துகொண்டிருக்க வேண்டும். குரல் நின்றுவிட்டாலோ, இரைச்சலில் தெளிவு குறைந்தாலோ, இயக்குநர் மேற்கொண்டு கட்டளைக்குக் காத்திராமல் இயக்கத்தை நிறுத்த வேண்டும். அமைதியை இசைவு என்று கொள்ளலாகாது. இயக்குநரும் சைகையாளரும் வெவ்வேறு தாய்மொழியினராக இருக்கும் தளங்களில், பயன்படுத்தப்படும் சொற்களை முன்னரே தீர்மானித்துக்கொள்வது இன்றியமையாதது.

நிலம், காற்று, மின்கம்பி

நகரும் பாரந்தூக்கியின் தாங்குதிறன் நிலையான ஓர் எண் அன்று. அதன் சுழல் மையத்திலிருந்து கொக்கி வரையுள்ள ஆரம் கூடக் கூடத் தாங்குதிறன் குறைகிறது. 50 டன் பாரந்தூக்கி என்பதன் பொருள், மிகக் குறுகிய ஆரத்தில் மட்டும் 50 டன் தூக்கும் என்பதே. ஒவ்வோர் ஆரத்துக்கும் உரிய தாங்குதிறன் உற்பத்தியாளரின் சுமை அட்டவணையில் காணப்படும். இவ்வட்டவணை, பாரந்தூக்கி உறுதியான, சமதளமான நிலத்தில் அவுட்ரிகர் எனப்படும் பக்கத் தாங்குகால்களை முழுமையாக நீட்டி நிற்பதாகக் கொண்டே தயாரிக்கப்படுகிறது. நிரப்பிய குழி, கழிவுநீர்க் குழாய், அகழ்வின் விளிம்பு ஆகியவற்றின் மேல் தாங்குகாலை ஊன்றுவது கவிழ்தலுக்கு இட்டுச் செல்லும்.

காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். அச்சுப் பலகை, கூரைத் தகடு போன்ற அகன்ற சுமைகள் எடை குறைந்தவையாயினும் காற்றில் பாய்மரம் போல் செயல்படும். வேலை முடிந்தபின் கோபுரப் பாரந்தூக்கியின் திருப்புத் தடையை விடுவித்து, பூம் காற்றின் திசைக்கேற்பத் தானே திரும்புமாறு விடுவது வழக்கம்.

மின்கம்பியைப் பூமோ கம்பிவடமோ தொடாவிடினும், மிக அருகில் சென்றாலே மின்சாரம் பாயக்கூடும். அமெரிக்க விதிகளின்படி 50 கிலோவோல்ட்டு வரையுள்ள கம்பிகளிலிருந்து பாரந்தூக்கியின் எப்பகுதியும் சுமையும் குறைந்தது 10 அடி, அதாவது ஏறத்தாழ 3 மீட்டர் விலகி இருக்க வேண்டும். இத்தகைய இடங்களில் தூரத்தைக் கவனிப்பதற்கு மட்டும் தனியாக ஒருவர் நியமிக்கப்படுகிறார்.

தூக்கும்போது பின்பற்ற வேண்டியவை

1. சுமையின் எடை, பாதை, இறங்குமிடம் ஆகியவற்றை முன்னரே தீர்மானித்தல்.
2. இறங்குமிடத்தில் தாங்கு கட்டைகளை வைத்தல். இதனால் சிலிங்கை எளிதில் உருவ இயலும்; விரல்கள் நசுங்கா.
3. சிலிங் இறுகும்போது கைகளை விலக்கிக்கொள்ளுதல். விரல்கள் சிக்கும் விபத்து இந்நேரத்தில் மிகுதி.
4. சுமையைச் சில சென்ரிமீட்டர் மட்டும் தூக்கி நிறுத்திச் சமநிலையையும் கட்டையும் சோதித்தல்.
5. சுமை சுழலாதிருக்க டேக் லைன் எனப்படும் வழிக்கயிற்றைப் பயன்படுத்துதல். இக்கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளக் கூடாது.
6. தொங்கும் சுமைக்குக் கீழே எவரையும் அனுமதியாதிருத்தல். சுமைக்கும் சுவருக்கும் இடையில் நில்லாதிருத்தல்.
7. சுமையின் மீது எவரும் ஏறிச் செல்லாதிருத்தல்.
8. சுமை உறுதியாக அமர்ந்தபின், அல்லது நிலையாகப் பொருத்தப்பட்டபின் மட்டுமே சிலிங்கைக் கழற்றுதல்.

இவற்றுள் நான்காவது படி சில நொடிகளே பிடிப்பது. தவறு நேர்ந்திருந்தால் அதைச் சிறு சேதத்துடன் திருத்திக்கொள்வதற்கான கடைசி வாய்ப்பும் அதுவே.

விபத்துகள்

மில்வாக்கி, 1999

ஐக்கிய அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் மில்லர் பார்க் விளையாட்டரங்கு கட்டப்பட்டபோது, 1999 சூலை 14ஆம் நாள், ஏறத்தாழ 400 டன் எடையுள்ள கூரைப் பகுதி ஒன்றைத் தூக்கிக்கொண்டிருந்த 'பிக் புளூ' என்னும் பெரும் பாரந்தூக்கி காற்றில் சரிந்தது. வேறொரு பாரந்தூக்கியில் தொங்கிய கூடையில் நின்றிருந்த மூன்று உருக்குக் கட்டுமானத் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். கூரைப் பகுதியின் அகன்ற பரப்பின் மீது காற்று செலுத்தும் விசை கணக்கில் கொள்ளப்படாதது முக்கியக் குறையாகச் சுட்டப்பட்டது.

நியூயார்க், 2008

2008 மார்ச்சு 15ஆம் நாள், நியூயார்க் நகரின் கிழக்கு 51ஆவது தெருவில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த உயர்மாடிக் கட்டிடத்தின் கோபுரப் பாரந்தூக்கி சரிந்து விழுந்தது. ஆறு தொழிலாளர்களும், அருகிலுள்ள வீட்டில் இருந்த ஒருவருமாக ஏழு பேர் உயிரிழந்தனர். பாரந்தூக்கியை உயர்த்துவதற்காக, அதன் கோபுரத்தைக் கட்டிடத்தோடு பிணைக்கும் ஏறத்தாழ 5 டன் எடையுள்ள உருக்கு வளையச் சட்டம் 18ஆவது மாடியில் பொருத்தப்பட்டுக்கொண்டிருந்தது. அச்சட்டத்தைத் தாங்கிய பட்டைகள் அறுந்தன. சட்டம் கோபுரத்தின் வழியே கீழே விழுந்து, 9ஆவது மாடியில் இருந்த மற்றொரு பிணைப்புச் சட்டத்தையும் சிதைத்தது. பிடிப்பை இழந்த கோபுரம் கட்டிடங்களின் மீது சாய்ந்தது.

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு, உடல்நல நிருவாகத்தின் ஆய்வு, விபத்தின் காரணம் சுமை கட்டியதில் இருந்த குறைகளே என்று கண்டது. உற்பத்தியாளர் எட்டு இடங்களில் சங்கிலிக் கப்பிகளால் சட்டத்தைத் தாங்குமாறு பரிந்துரைத்திருந்தார். ஆனால் நான்கு பொலியெஸ்டர் பட்டைகளே பயன்படுத்தப்பட்டன. அவற்றுள் ஒன்று முன்பே சேதமடைந்திருந்தது. உருக்கின் கூரிய விளிம்புகளில் காப்பு வைக்கப்படவில்லை. பரிசோதனை, விளிம்புக் காப்பு, போதிய தாங்குபுள்ளிகள் என இக்கட்டுரையில் கூறப்பட்ட எளிய விதிகள் மூன்றும் ஒரே இடத்தில் தவறியதற்கு இவ்விபத்து எடுத்துக்காட்டாக உள்ளது.

சட்டங்கள்

ஐக்கிய அமெரிக்காவில் கட்டுமானப் பாரந்தூக்கிகளுக்கான புதிய விதிகள் 2010 நவம்பர் 8ஆம் நாள் நடைமுறைக்கு வந்தன. இவற்றின்படி சைகையாளர் தகுதித் தேர்வு பெற்றவராக இருக்க வேண்டும். இயக்குநரால் சுமையின் பாதையையோ இறங்குமிடத்தையோ முழுமையாகக் காண இயலாதபோது சைகையாளர் கட்டாயம் தேவை. பிரித்தானியாவில் தூக்கும் பணிகளும் தூக்கும் கருவிகளும் 1998ஆம் ஆண்டின் விதிகளால் ஒழுங்குபடுத்தப்படுகின்றன.

சிங்கப்பூரில் பாரந்தூக்கி இயக்கம் தொடர்பான விதிகள் 2011ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தன. தூக்கும் பணி ஒவ்வொன்றுக்கும் எழுத்துவடிவத் திட்டமும், மேற்பார்வையாளர், ரிக்கர், சைகையாளர் ஆகியோரின் நியமனமும் இவ்விதிகளின்படி தேவை. தமிழ்நாட்டிலிருந்து சென்ற தொழிலாளர்கள் பெருமளவில் பணிபுரியும் கட்டுமானத்துறை என்பதால், அங்கு ரிக்கர், சைகையாளர் பயிற்சிகள் தமிழிலும் நடத்தப்படுகின்றன.

இந்தியாவில் 1996ஆம் ஆண்டின் கட்டிட மற்றும் பிற கட்டுமானத் தொழிலாளர் சட்டமும், அதன் கீழ் 1998இல் வெளியான மத்திய விதிகளும் தூக்கும் பொறிகளின் சோதனை, பரிசோதனை, பாதுகாப்பான வேலைச் சுமைக் குறியீடு ஆகியவற்றை வரையறுத்தன. இச்சட்டத்தை உள்ளடக்கிய 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பாரந்தூக்கிகளின் பாதுகாப்பான பயன்பாட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ. எசு. 13367 ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

* பாரந்தூக்கி
* கப்பி
* கம்பிவடம்
* ஈர்ப்பு மையம்
* தொழிற் பாதுகாப்பு